பூசணிப் பூவுக்கு ஒரு காலைதான்



"பிள்ளையைப் படிக்க அனுப்பினா நீங்க தோட்டத்துல விடுறீங்களாம்" என்று போன கிழமைக் கூட்டத்தில் சில பெற்றோர் கேட்டார்கள். கேட்டது நல்லதுதான். வராதவர்களும் வாசிக்கட்டும் என்று பதிலை இங்கே எழுதுகிறோம்.

பூசணிக் கொடியில் பெரும்பாலும் ஆண் பூதான் முதலில் வரும். நீளமான காம்பு, கீழே ஒன்றும் இருக்காது. சில நாள் கழித்து வரும் பெண் பூவில் இதழுக்குக் கீழேயே உருண்டையாகச் சின்னப் பிஞ்சு இருக்கும். விடியும்போது விரிகிற பூ மதியத்துக்கு முதலே சுருங்கிவிடும். ஒரு பூவுக்கு அந்த ஒரு காலைதான். அதற்குள் தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்காவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். "கொடி பூக்குது, காய்க்குதில்ல" என்று அலுத்துக்கொண்டு, தேனீ வருகிற அதே காலை நேரத்தில் மருந்தடிக்கிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள்.

விஞ்ஞானப் பாடம் ஐந்தாம் பாடவேளை. அந்நேரம் போனால் மூடிய பூவைத்தான் காட்டலாம். அதனால்தான் காலையில் பதினைந்து நிமிடம் எடுக்கிறோம். ஆண் பூ எத்தனை, பெண் பூ எத்தனை, நேற்றைய பிஞ்சு நிற்கிறதா என்று பிள்ளைகள் கொப்பியில் எழுதுகிறார்கள். மழைக் காலையில் தேனீயைக் காணாவிட்டால் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தாங்களே தடவிவிடுகிறார்கள். இதுவும் படிப்புத்தான். வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்ற காலத்திலேயே பார்த்தோம்: பூவின் படத்தைப் பிழையில்லாமல் கீறிய பலருக்கு, வளாகத் தோட்டத்துக் கொடியில் எது ஆண் பூ என்று காட்டத் தெரியவில்லை.

எங்கள் சமூகத்துக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது வயலும் தோட்டமும் மட்டும் விடுபட்டுப் போகவில்லை. புத்தளத்தில் முகாமில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மூத்தவாப்பாமாரின் கைப்பழக்கமும் வந்து சேரவில்லை. 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் பலருக்குக் காணி கிடைத்தது, அந்தப் பழக்கம் கிடைக்கவில்லை. அதைத் தெரிந்த கிழவர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2022 நெருக்கடியில் அரசாங்கமே அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து பயிர் செய்யச் சொன்னது. அரிசியும் எண்ணெயும் கடைக்கு வந்ததும் எல்லாருக்கும் மறந்துபோனது. வலயத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் பாத்தி ஓரத்துக் கல்லுக்கு வெள்ளையடிக்கிற தோட்டம் எங்களுக்கு வேண்டாம். மண்ணில் கை வைத்தால் மதிப்புக் குறையும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கவும் வேண்டாம்.

காலபோகத்துக்கு முதல் வீட்டில் பழைய பூசணி விதை இருந்தால் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். மூத்தவாப்பாமாருக்கு நேரமிருந்தால் காலை ஏழரைக்கு வரட்டும். கேற் திறந்திருக்கும்.