குடும்பம் என்றொரு கம்பெனி

சென்ற ஆண்டு ஸ்டார்ட்-அப் நிறுவனங்களை விட்டுவிட்டு ஒரு பெருநிறுவனத்தில் சேர்ந்தபோது, எங்கள் நால்வருக்கும் இலக்கிய நண்பர்களிடமிருந்து வாழ்த்து வரவில்லை. அனுதாபம்தான் வந்தது. 'விலை போய்விட்டீர்கள்' என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். இன்னொருவர், எதிர்பார்த்தபடியே, காஃப்காவை நினைவூட்டினார். ஓராண்டு முடிந்துவிட்டது. அந்த அனுதாபத்தை உரியவர்களிடமே திருப்பித் தரும் நேரம் வந்துவிட்டதாக நினைக்கிறோம்.

முதலில் காஃப்கா. பேரமைப்புகளை வெறுக்கும் எவரும் நம் சூழலில் முதலில் நீட்டும் பெயர் அது. 1908 முதல் 1922 வரை அவர் பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை அவருடைய துன்பப் பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அங்கே அவர் என்ன வேலை செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. மரம் இழைக்கும் இயந்திரங்களில் சதுரத் தண்டுக்குப் பதிலாக உருளைத் தண்டைப் பொருத்தினால் தொழிலாளியின் விரல்கள் தப்பும் என்று படங்களுடன் அறிக்கை எழுதினார். அலுவலகம் அவரை வதைத்தது உண்மை. அந்த அலுவலகத்தின் கோப்புக்கு அப்பால், முதலாளியின் விருப்பம் ஒன்றே சட்டமாக இருந்த பட்டறைகளில் விரல்கள் போய்க்கொண்டிருந்தன என்பதும் உண்மைதான். நம் நண்பர்கள் முதல் உண்மையை மட்டுமே படித்திருக்கிறார்கள்.

நாங்கள் இருந்த சிறிய நிறுவனங்களில் விதிகள் கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தோம். எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கலாம், எந்நேரமும் வரலாம், போகலாம் (போனதாக எவருக்கும் நினைவில்லை). 1970-இல் அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் ஓர் உரையில் சொல்லி, பிறகு கட்டுரையாகவும் எழுதிய கருத்து ஒன்று உண்டு. அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று இருக்க முடியாது. அமைப்பு இல்லை என்று சொல்லிக்கொள்ளும் குழுவில் அதிகாரம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது, தெரியாததால் அதைக் கேள்வி கேட்கவும் முடிவதில்லை. அவர் பெண் விடுதலைக் குழுக்களைப் பற்றிச் சொன்னார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மாடியறையில், ஒன்பது பேருக்கு நடுவில் அமர்ந்து நாங்கள் அதை நேரில் கண்டோம்.

ஒன்பது என்ற எண்ணைத் தற்செயலாகச் சொல்லவில்லை. பேறுகாலப் பயன் சட்டம் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் பொருந்தப் பத்துப் பேர் வேண்டும். பணிக்கொடைக்கும் பத்து. வருங்கால வைப்பு நிதிக்கு இருபது. குழந்தைக் காப்பகத்துக்கு ஐம்பது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த எண்களை மாற்றவில்லை. எங்களில் இருவர் வேலை செய்த அந்த நிறுவனத்தில் ஒன்பது பேர் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். பத்தாவதாக வந்தவர், அவருக்குப் பின் வந்தவர், எல்லோருமே 'ஆலோசகர்கள்'. அதே மேசை, அதே வேலை, அதே நள்ளிரவு. பெயர் மட்டும் வேறு.

உடன் பணியாற்றிய தோழி ஒருவர் கருவுற்றார். 2017-இல் திருத்தப்பட்ட சட்டப்படி இருபத்தாறு வாரச் சம்பள விடுப்பு உண்டல்லவா என்று கேட்டார். நிறுவனர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காப்பி வரவழைத்து, மிகுந்த கனிவோடு, "நாம எல்லாம் ஒரே குடும்பம்ங்க. குடும்பத்துக்குள்ள போய்ச் சட்டம் பேசலாமா?" என்றார். ஆறு வாரம் தருவதாகவும், அதுவும் தன் சொந்த மனத்தால் தருவதாகவும் சொன்னார். தோழி மறுவாரமே விலகினார். அவருடைய வேலையை நாங்கள் பங்கிட்டுக்கொண்டோம். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சுற்று முதலீடு வரவிருந்தது. எங்கள் கையில் பங்குக் காகிதங்கள் இருந்தன. அவை இன்னும் இழுப்பறையில்தான் இருக்கின்றன, வாங்குவாரில்லை. இந்தக் கட்டுரையில் நாங்கள் யாரை அதிகம் குற்றம் சாட்டுகிறோம் என்று கேட்டால் அந்த மௌனத்தைத்தான் சொல்வோம்.

பெருநிறுவனத்துக்கு வந்த முதல் மாதம் ஒரு தரவுத்தளத்தைத் திறந்து பார்க்க மூன்று பேரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. ஒன்பது நாட்கள் ஆயின. விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு, பழைய இடத்தில் ஓர் இரவு எவரிடமும் கேட்காமல் ஒரே கட்டளையில் சில நூறு வாடிக்கையாளர்களின் கணக்கு விவரங்களை அழித்ததும், விடிந்ததும் அவர்களிடம் 'பராமரிப்புப் பணி' என்று பொய் சொன்னதும் நினைவுக்கு வந்தன. அன்று அதற்கு 'வேகம்' என்று பெயர்.

கூட்டங்களைப் பற்றியும் நையாண்டி உண்டு. ஃபிரெடெரிக் புரூக்ஸ் 1975-இல் வெளிவந்த தன் நூலில் காட்டிய கணக்கு எளிமையானது. ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேசப் பத்து வழிகள். ஐம்பது பேர் பேச 1,225 வழிகள். கூட்டமும் குறிப்பேடும் அங்கிருந்து வருகின்றன.

பெருநிறுவனத்துக்கு வக்காலத்து வாங்குவது எங்கள் நோக்கமன்று. அங்கே உள்ள நோய் வேறு. ஏழு மாதம் உழைத்த ஒரு திட்டம் மூன்று பத்தி மின்னஞ்சலில் செத்தது. அதைக் கொன்றவர் யாரென்று தேடினோம். எல்லா வாக்கியங்களும் செயப்பாட்டு வினையில் இருந்தன: முடிவு எடுக்கப்பட்டது, முன்னுரிமைகள் மாற்றியமைக்கப்பட்டன. 'நான் தவறினேன்' என்று எழுதத் தெரிந்த ஒருவரையும் இந்த ஓராண்டில் சந்திக்கவில்லை. சிறுநிறுவனத்தில் சண்டை போட ஒரு முகமாவது இருந்தது. அது உண்மையான இழப்பு.

ஆட்குறைப்பு? 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேருக்கு மேலும், 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. எங்களுக்கும் அந்த மின்னஞ்சல் வரலாம். ஆனால் 2015-இன் தொடக்கத்தில் சென்னையில் ஒரு பெருநிறுவனம் ஆட்களை நீக்கியபோது, கருவுற்றிருந்த ஊழியர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார். தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. பெருநிறுவனம் நல்லது என்பதால் இவை நடக்கவில்லை. அதற்கு முகவரி இருக்கிறது, நோட்டீஸ் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான். எங்கள் தோழி யார் மீது வழக்குத் தொடுப்பது? அண்ணன் மீதா?

இப்போது அனுதாபப்பட்ட நண்பர்களிடம் வருகிறோம். சிற்றிதழ் உலகமும் இந்தக் 'குடும்ப'ச் சொல்லில்தான் ஓடுகிறது. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்'தை நடத்தித் தன் கைப்பொருளை இழந்தார், அதன்முன் தலைவணங்குகிறோம். ஆனால் அவர் இழந்தது தன்னுடையதை. அந்தத் தியாகத்தைக் காட்டி இன்று மெய்ப்புப் பார்ப்பவருக்கும், அட்டை வரைபவருக்கும், மொழிபெயர்ப்பாளருக்கும் பணம் தராமலிருப்பது வேறு காரியம். நின்றுபோன இதழ்களின் மிச்சச் சந்தா எங்கே என்று கேட்டவரை 'வணிக மனம்' என்று ஏசியதையும் பார்த்திருக்கிறோம். பெருநிறுவனத்தில் சேர்ந்ததால் விலை போனோம் என்பவர்கள், விலையே தராமல் எடுத்துக்கொள்வதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்?

சென்ற மாதம் அதே நண்பர், 'விலை போய்விட்டீர்கள்' என்றவர், தன் இதழுக்கு ஒரு நெடுங்கட்டுரையை மொழிபெயர்த்துத் தரச் சொன்னார். நாற்பது பக்கம். எங்களுக்கு வேண்டாம், உடன் வேலை செய்யும் மாணவிக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நமக்குள்ள என்னங்க கணக்கு?" என்றார். கணக்கை எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.