சித்தூர் கிணறும் ஒன்பதாம் எண் தனிமமும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகா, இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள். 1956-ல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது கேரளத்தோடு நின்றுவிட்ட தமிழ் பேசும் பகுதிகள் இவை. கேரள அரசு எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளைத் தமிழிலும் அச்சடிப்பது இங்குள்ள தமிழ் வழிப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத்தான். எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் போல இவர்களையும் மிரட்டும் வேதியியல் பாடம் ஒன்று உண்டு: அணு அமைப்பு. அணுக்கருவைச் சுற்றி கே, எல், எம் என்று கூடுகள். முதல் கூட்டில் அதிகபட்சம் 2 எலக்ட்ரான், அடுத்ததில் 8, அதற்கடுத்ததில் 18. பெரும்பாலோர் இதை மனப்பாடம் செய்து, எழுதி, மார்க் வாங்கி, மறந்துவிடுகிறார்கள்.

சித்தூர் பக்கத்துப் பிள்ளைகள் மட்டும் மறக்கக் கூடாது. காரணம், அவர்கள் குடிக்கும் தண்ணீரில் இருக்கிறது.

தாலுகாவின் கிழக்குப் பகுதியில், தமிழக எல்லையை ஒட்டிய ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் புளோரைடு அளவுக்கு மேல் இருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை அனுமதி. இதைத் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதிலேயே குடித்து வளரும் குழந்தைகளின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். அளவு மேலும் ஏறி, ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும்.

புதிய நோய் அல்ல இது. 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், முதுகு வளையாமல் விறைத்துப்போன கிராம மக்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள்.

சரி, இதற்கும் எலக்ட்ரான் கூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

புளோரினின் அணு எண் 9. அதாவது, ஒன்பது எலக்ட்ரான்கள். முதல் கூட்டில் 2 போக, இரண்டாவதில் 7. அந்தக் கூடு நிரம்ப 8 வேண்டும், ஒன்று குறைகிறது. குளோரினுக்கும் (2, 8, 7) வெளிக்கூட்டில் இதே குறைதான். ஆனால் அதற்கு மூன்று கூடுகள். வெளிக்கூடு கருவிலிருந்து தள்ளியிருக்கிறது. புளோரினுக்கு இரண்டே கூடுகள் என்பதால் கருவின் இழுவை அதில் பலமாக விழுகிறது. எதிரில் வரும் அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதில் அதை மிஞ்சும் தனிமம் இல்லை. இதனாலேயே புளோரினைத் தனியாகப் பிரிக்க முயன்றவர்களில் சிலர் நஞ்சேறி மாண்டார்கள். 1886-ல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி முவாசான் அதைச் சாதித்தார். 1906-ல் நோபல் பரிசு பெற்றார்.

எட்டாவது எலக்ட்ரான் கிடைத்ததும் கதை மாறுகிறது. 2, 7 என்பது 2, 8 ஆகிறது. நியான் வாயுவின் அதே அடுக்கு. கூடவே ஒரு எதிர் மின்சுமை. இப்போது அதன் பெயர் புளோரைடு. கண்ணாடியையே அரிக்கக்கூடிய வாயு, பற்பசையில் சேர்க்கும் அளவுக்குச் சாதுவாகிவிடுகிறது. அளவோடு இருந்தால் பல்லுக்கு நல்லதும் செய்கிறது.

அளவு மீறும்போது தொல்லை வருவதற்கு ஓர் ஆள்மாறாட்டம் காரணம். தண்ணீரிலும் பாறையிலும் எலும்பிலும் ஹைட்ராக்சைடு என்ற அயனி உண்டு. அதற்கும் ஒரே ஒரு எதிர் மின்சுமை. பருமனும் ஏறக்குறைய புளோரைடின் பருமனே. எனவே ஒன்றின் இடத்தில் மற்றொன்று சுலபமாக உட்கார்ந்துவிடும். சித்தூரின் அடிநிலம் கடினப் பாறை. அதிலுள்ள கருப்பு அப்பிரகம், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களில் புளோரைடு ஒளிந்திருக்கிறது. காரத்தன்மையுள்ள நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும்போது, நீரின் ஹைட்ராக்சைடு பாறைக்குள் போகிறது. பாறையின் புளோரைடு நீருக்குள் வருகிறது. அந்த நீரைக் குடித்ததும் இதே இடமாற்றம் உடம்புக்குள் நடக்கிறது. பல்லும் எலும்பும் கால்சியம், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு சேர்ந்த படிகத்தால் ஆனவை. ஹைட்ராக்சைடின் நாற்காலியில் புளோரைடு ஏறிக்கொள்கிறது.

மழை குறைவான கிழக்குப் பாலக்காட்டில் தண்ணீருக்காக ஆழமாகத் துளைத்துக்கொண்டே போனதும் சேர்ந்துகொண்டது. நிலத்தடி நீர் மிதமிஞ்சி உறிஞ்சப்படும் வட்டாரம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியம் பல ஆண்டுகள் பட்டியலிட்ட இடம் சித்தூர். பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழைக்கு வரவேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீர் பற்றி இரு மாநிலங்களும் பேசும்போது பயிர்க் கணக்கே பெரிதாகத் தெரிகிறது. பாறையில் ஊறாத ஆற்று நீரில் பொதுவாகப் புளோரைடு குறைவு என்பதால், பிள்ளைகளின் பல் கணக்கும் அதில் அடங்கியிருக்கிறது.

மலை மேல் இடுக்கிக்கும் இந்தத் தனிமத்தோடு உறவு உண்டு. மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் விளையும் தேயிலைச் செடி, அமில மண்ணிலிருந்து புளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கும் இனம். கொழுந்தில் குறைவு, முற்றிய இலையில் அதிகம். முற்றிய இலையில் செய்த கட்டித் தேநீரை நாள் முழுவதும் குடிக்கும் திபெத்தில் புளோரைடு நோய் இருப்பது தெரிந்ததே. நல்ல தண்ணீரில் போட்ட தேநீர் இரண்டு வேளை குடிப்பவர்கள் பயப்பட வேண்டாம். புளோரைடு கூடிய கிணற்று நீரில் திக்காக டீ போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

பதிமுகமும் சீரகமும் போட்டு வெந்நீர் வைத்துக் குடிப்பது கேரளத்து வழக்கம். கிருமிக்கு அது நல்ல வைத்தியம். புளோரைடு விஷயத்தில் பயன் இல்லை. நீர் ஆவியாகி வற்றும்போது அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். பயன் தருவது படிகாரம். 1970-களில் நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'நல்கொண்டா முறை'யில், படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கணக்காகக் கலக்கப்படுகின்றன. படிகாரத்தில் இருக்கும் அலுமினியம் (2, 8, 3) வெளிக்கூட்டின் மூன்று எலக்ட்ரான்களையும் கொடுத்துவிட்டு மூன்று நேர் மின்சுமையோடு நிற்பது. அது திப்பியாகத் திரளும்போது புளோரைடையும் பிடித்துக்கொண்டு அடியில் படிகிறது. ஆனால் நீரைச் சோதித்து அளவு தெரியாமல் வீட்டில் படிகாரத்தை அள்ளிப் போடக் கூடாது. தண்ணீரில் அலுமினியம் மிஞ்சிவிடும்.

ஆக, முதல் வேலை சோதனை. கேரளக் குடிநீர் ஆணையத்தின் ஆய்வுக்கூடங்களில் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம். எல்லைப் பகுதிப் பள்ளி ஒவ்வொன்றும் தன் கிணற்று நீரைச் சோதித்து, கிடைத்த எண்ணை வேதியியல் வகுப்புக் கரும்பலகையில் எழுதி வைக்கலாம். பக்கத்தில் 2, 7 என்றும் 2, 8 என்றும் எழுதட்டும். ஆசிரியர் அதிகம் விளக்க வேண்டியிருக்காது. எண் 1.5-ஐத் தாண்டியிருந்தால், அதே எண்ணை ஒரு மனுவில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம்.