சுவரைக் கட்டிவிட்டு ஏன் உடைக்கணும்?

புது வீடு கட்டும் இடத்தை நின்று கவனித்திருக்கிறீர்களா? பூச்சு வேலை முடிந்து சுவர் காய்ந்த பிறகுதான் பிளம்பர் வந்து, "பைப் இந்த வழியாத்தான் போகணும்" என்பார். உடனே சுத்தியல், உளி! எங்க அப்பா கொத்தனார். ஒரு வீட்டில் மாடிப்படி கட்டி முடித்த பிறகு, ஏறினால் பீம் தலையில் இடிக்குதுன்னு உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். பிளானில் படி ஒரு தாளில், பீம் வேறு தாளில் இருந்திருக்கு. அந்த மூணு நாளைக்குக் கூலி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க.

இதைத் தடுக்க ஒரு முறை இருக்கிறது. சுருக்கமாக 'பிம்' என்கிறார்கள். மண்ணைத் தோண்டும் முன்பே முழு வீட்டையும் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்ப்பது! வெறும் படம் இல்லை. சுவர் எத்தனை அங்குலம், கம்பி எங்கே, பைப் எங்கே, எல்லாம் அதற்குள் இருக்கும். ஒரு ஜன்னலைப் பெரிசாக்கினால் செங்கல் கணக்கும் கூடவே மாறும். பைப் போய் பீமில் மோதினால் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.

சிங்கப்பூரில் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டிடங்களுக்கு இந்த முறையில்தான் அனுமதி கேட்க வேண்டும் என்று ஆக்கினார்கள். நம்ம மாவட்டத்து ஆட்களும் அங்கே கட்டிட வேலை பார்க்கிறார்கள். இந்தியாவில் நாக்பூர் மெட்ரோ ரயில் வேலையில் இதைப் பயன்படுத்தினார்கள்.

"மெட்ரோவுக்குச் சரி, ரெண்டு சென்ட் வீட்டுக்கு எதுக்கு?"ன்னு கேட்பாங்க. பெரிய கம்பெனி மென்பொருளுக்கு வருஷா வருஷம் பணம் கட்டணும், உண்மைதான். ஆனால் ஃப்ரீகேட் போல இலவசமாகக் கிடைப்பதும் இருக்கிறது. மெட்ரோ கம்பெனி ஒரு சுவரை இரண்டு தடவை கட்டினாலும் தாங்கும். நகையை அடகு வைத்துக் கட்டுகிறவர் தாங்குவாரா?

எனக்கு இருக்கும் பயம் வேறு. கம்ப்யூட்டர் தெரிந்தவருக்குக் கலவை தெரியாது. கலவை தெரிந்தவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கொத்தனாரைக் கேட்காமல் ஏசி ரூமில் உட்கார்ந்து வரைந்தால் தப்பும் சேர்ந்து கம்ப்யூட்டரில் ஏறிவிடும்!

இரண்டு பேரும் சேர்ந்து பழக நம்ம ஊரைவிட நல்ல இடம் ஏது? செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. ஆனாலும் பழைய வீடுகள் இடிபடுகின்றன. தேக்குத் தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிடுகின்றன. எந்தத் தூண் எந்த வீட்டில் எங்கே நின்றது என்று அப்புறம் யார் சொல்வது? பாரிஸில் நோட்ர டாம் தேவாலயம் 2019-ல் தீப்பிடித்தது. அதற்குச் சில வருஷம் முன்பே லேசர் கருவியால் எடுத்து வைத்திருந்த அளவுகள், திரும்பக் கட்டும்போது கைகொடுத்தன.

இங்கே அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டை, சொந்தக்காரரிடம் கேட்டு அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றட்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சை எத்தனை தடவை பூசியிருக்கு, வளவுக்குள் விழுகிற மழைத்தண்ணி எந்த வழியா வெளியே போகுது என்றெல்லாம் சொல்ல வயசான கொத்தனார் ஒருத்தரையும் கூட வைத்துக்கொள்ளட்டும். அவருக்கு அன்றைக்குக் கூலியையும் கொடுத்துடணும்.