வேரைக் காண்பதா, வேரைச் செய்வதா?

கடந்த தீபாவளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் செந்தூலிலுள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தான். இப்போது படிவம் நான்கில் பயில்கிறான். கையில் ஒரு குறிப்பேடு. டோல்கீன் என்னும் ஆக்சுபோர்டு பேராசிரியர் தம் கதைகளில் வரும் எல்ஃப் இனத்தாருக்காகப் படைத்த மொழிகளின் வேர்ச்சொற்களை அதில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தான்.

“‘கல்’ என்றால் ஒளிர்தல், ஐயா. அதிலிருந்து ‘கலா’, ஒளி. கலாட்ரியல் என்ற பெயரிலும் அதே வேர்தான். ஆனால் அங்கே ககரம் மெலிந்து ஒலிக்கும்.”

மகிழ்ந்தேன். பிறகு கேட்டேன்: “தமிழில் ‘கல்’ என்னும் வினையிலிருந்து பிறக்கும் சொற்களைச் சொல், பார்க்கலாம்.”

“கல் என்றால் கருங்கல்தானே, ஐயா?”

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கல்வி கற்றவன். கல்வி என்ற சொல்லுக்குள் ‘கல்’ இருப்பதை அவனுக்கு யாரும் காட்டவில்லை. அவற்றுள் மூன்றாண்டுகள் அவனுக்குத் தமிழ் கற்பித்தவன் நானே. ஆகவே முதல் குற்றவாளியை வெளியே தேட வேண்டியதில்லை.

இதே மாணவன் மலாய்மொழியில் ‘காத்தா டாசார்’ என்றால் என்ன என்பதை நன்கறிவான். ‘அஜார்’ என்ற அடிச்சொல்லோடு ஒட்டுகள் சேர்ந்தால் பெலாஜார், மெங்ஙாஜார், பெங்ஙாஜாரான் எனக் கிளைக்கும் என்று தொடக்கப்பள்ளியிலேயே பழகியவன். தமிழிலோ கல்வி, கற்கை, கற்பித்தல் மூன்றையும் மூன்று தனிச்சொற்களாக மனனம் செய்தான். ‘செல்’ என்ற ஒரு வினை தெரிந்தால் செலவு, செலுத்து, செல்லுபடி, செல்லாக்காசு எல்லாம் உறவினராக வந்து நிற்கும். பழந்தமிழில் செலவு என்றால் பயணம்; இன்று கையிலிருந்து பணம் பயணம் போகிறது! இதைச் சொன்னால் ஒரு வகுப்பே சிரிக்கும், மறக்காது. நாமோ சொற்பட்டியலைத் தருகிறோம், கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிந்தது. அதன் பயிற்றித் தாள் மட்டும் ஒழியவில்லை.

புனைமொழியை நான் பழிக்கவில்லை. டோல்கீன் சொல்லாராய்ச்சியில் ஊறியவர். கதைக்கு முன்பே மொழிகளைப் படைக்கத் தொடங்கியவர். 2015இல் வெளிவந்த ‘பாகுபலி’ படத்தின் காலகேயருக்காக மதன் கார்க்கி ‘கிளிக்கி’ மொழியை உருவாக்கினார். அதில் ‘மின்’ என்றால் நான். திருப்பிப் போட்டால் ‘நிம்’, நீ. பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் பிறப்பது இயல்பே. ஒரு சொல்லைப் பிரித்தால் உள்ளே இன்னொன்று இருக்கிறது என்ற வியப்பை வகுப்பறை தரவில்லை, கதை தருகிறது.

வகுப்பறையின் குறை இது. மேடையின் குறை இதனினும் கொடிது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் முழங்கினார். செந்தூல் என்பது ‘செந்தூள்’ என்பதன் மருஉவாம். இரயில் பட்டறையின் துருப்பொடி செந்நிறமாய்ப் படிந்த ஊராம். கைத்தட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. உண்மையில் செந்தூல் ஒரு பழமரத்தின் மலாய்ப்பெயர். மரத்தின் பெயரை ஊர் தாங்குவது இந்நாட்டில் புதிதன்று. ஈப்போவும் பினாங்கும் அப்படித்தான் பெயர் பெற்றன. அதே மேடையில் ஆங்கிலத்தின் ‘ஒன்’ நம் ‘ஒன்று’ என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர் அதை ‘ஆன்’ என்றே ஒலித்தனர். இன்று கேட்கும் வகர ஒலி பிற்காலத்தில் நுழைந்தது. ‘அலோன்’, ‘ஒன்லி’ ஆகியவற்றில் அவ்வொலி இன்றும் இல்லை. பின்னோக்கிச் செல்லச் செல்ல உறவு நெருங்க வேண்டும், இங்கே விலகுகிறது.

டோல்கீனின் ‘கல்’ ஒளியைக் குறிப்பதும் தமிழ்க் ‘கல்’ கல்வியைத் தருவதும் தற்செயல். நல்லவேளை, அந்தப் பெரியவர் எல்ஃப் மொழி அறியார். அறிந்திருந்தால் கல்வியே ஒளி என்று அதையும் தமிழாக்கியிருப்பார்!

புனைமொழிக்கு வேர் எது என்பதைப் படைத்தவர் தீர்மானிக்கலாம். அவர் சொன்னதே சான்று. தமிழ் எவர் ஒருவரின் படைப்புமன்று. அதன் வேரை எவரும் விருப்பம்போல் செய்துகொள்ள முடியாது, தேடித்தான் காண வேண்டும். சொல்லின் பொருட்காரணம் எளிதில் புலப்படாது என்று தொல்காப்பியரே எச்சரித்துள்ளார். எல்லிசு 1816இல் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை நிரல்படுத்தி ஒப்பிட்டு இன உறவை நிறுவினார். பரோவும் எமனோவும் 1961இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டனர். 1974இல் தமிழக அரசு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணிக்குப் பாவாணர் தலைமையேற்றார். முதல் பகுதி 1985இல் வெளிவருவதற்கு முன், 1981இல், மறைந்தார். அவர் காட்டிய வேர்கள் அனைத்தையும் மொழியியலார் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் சொற்களைத் திரட்டினார், ஒப்பிட்டார், காரணம் எழுதினார். அவர் பெயரைச் சொல்லி மேடையேறுவோர் அவர் நூலையாவது புரட்டியிருக்க வேண்டாமா?

பொய்வேரை நம்பிய பிள்ளை பத்தொன்பது வயதில் பல்கலைக்கழகத்தில் நாலு பேர் முன்னிலையில் அதைச் சொல்லி நகைப்புக்கு ஆளாவான். அன்று மெய்வேரையும் சேர்த்தே வெறுப்பான். நான் அஞ்சுவது இதற்குத்தான்.

மாணவன் புறப்படுமுன் குறிப்பேட்டின் பின்பக்கத்தைத் திருப்பி ‘நட’ என்று எழுதினான். நடை, நடப்பு, நடத்தை என்று அவனே கீழே இறங்கினான். ‘நடிப்பு’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். “சான்று?” என்றேன். சற்று யோசித்து, கேள்விக்குறி இட்டுக்கொண்டான்.

அந்தப் பெரியவரை அடுத்த மாதக் கூட்டத்திற்கும் அழைத்திருக்கிறார்களாம். சந்தையில் கிடைத்தால் இரண்டு செந்தூல் பழம் வாங்கிக்கொண்டு போவதாக இருக்கிறேன். மஞ்சள் தோல், உள்ளே வெண்பஞ்சு போன்ற சதை; புளிக்கும்.