ஏட்டுக் கிளியும் தோட்டத்துக் கிளியும்

செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய கொல்லைகளில் காலையிலும் மாலையிலும் பச்சைக்கிளிகள் கூட்டமாக வந்திறங்குவதை இன்றும் காணலாம். உயர்ந்த மரத்தில் சற்றே அமர்ந்து ஆரவாரித்துவிட்டுச் செம்பனைக் குலைகளை நாடிப் பறந்துவிடுகின்றன. காண்போர், "கிளிகளுக்கு இந்நாட்டில் குறைவேது?" என்று மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி அறியாமையின்பாற்பட்டது.

வந்தமர்வது நீள்வால் கிளி. மலாயாத் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்திரா, போர்னியோ, அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகியவை அதன் தாயகம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல், அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களுள் ஒன்றாக அதனைக் குறித்துள்ளது.

கூட்டத்தைக் கண்ணால் கண்டபின் அழிவு எங்ஙனம் என வினவலாம். இரை தேடும் இடம் வேறு; இனம் பெருக்கும் இடம் வேறு. செம்பனை இரை தரும், பொந்து தருமா? இக்கிளி முட்டையிடுவது முதிர்ந்த மரத்தின் பொந்தில். தாழ்நிலக் காடுகள் அழிய, பொந்துகளும் அழிகின்றன. கிளி பல்லாண்டு வாழும் பறவை. குஞ்சு பொரிக்க வழியற்றுப்போன பின்னரும் முதிய கிளிகள் சில ஆண்டுகள் வந்துகொண்டேயிருக்கும். எனவே, கூட்டத்தை மட்டும் கண்டு இனம் வாழ்கிறது என முடிவு கட்டலாகாது.

கிளி பழத்தைக் கொத்தி இழப்பு விளைக்கிறது என்பர் சிலர். உண்மையே. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்திலும் கிளி கதிரைக் கவர்ந்தது. மகளிர் குளிரும் தட்டையும் ஒலித்துக் கிளியைக் கடிந்தனர், கிளிக்குலத்தைக் கருவறுத்தாரல்லர்.

பட்டமரத்தை விட்டுவைத்தால் காண்டாமிருக வண்டு பெருகும், கிளை முறிந்து விழும் என்பர் வேறு சிலர். அவ்வண்டு பெரிதும் பெருகுவது வீழ்ந்து மட்கும் செம்பனைத் தண்டுகளில். அவற்றை அகற்றுக. வீட்டருகே சாயும் மரத்தையும் வெட்டுக. எல்லையோரத்தில் ஒதுங்கி நிற்கும் பொந்து மரம் யாருக்கு என்ன தீங்கு செய்தது?

அன்பின் மிகுதியால் கூண்டில் வளர்க்கிறோம் என்பாரும் உளர். பழந்தமிழ் மனைகளிலும் கூண்டுக்கிளி இருந்ததே என அவர்கள் சான்றும் காட்டுவர். அன்று காடு பரந்திருந்தது. இன்று ஒரு பொந்தினின்று குஞ்சைக் கவர்வதும் இனத்திற்கு இழப்பே. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியுள்ளது.

இங்கே தமிழாசிரியர் பொறுப்பு யாது? கிளியைப் பற்றி எழுதப் பணித்தால், மாணவர் பலர் கழுத்தில் செவ்வளையம் தாங்கிய தமிழகத்துக் கிளியை வருணிக்கின்றனர். கூண்டில் அடைத்துப் பேசவும் வைக்கின்றனர். பள்ளிக் கூரைமேல் பறக்கும் கிளிக்கோ அவ்வளையம் இல்லை. கன்னமே சிவப்பு, வால் நீண்டு நீலம். கண்முன் உள்ளதைக் காணாது ஏட்டில் உள்ளதை எழுதுவது மொழிப்பயிற்சி ஆகுமா? கண்டதைக் கண்டவாறு சொல்லப் பழகாதவன் உள்ளத்தில் நினைத்ததை எங்ஙனம் செம்மையாகச் சொல்வான்?

ஆதலின், கிளிக் கட்டுரையை வகுப்பறைக்கு வெளியே தொடங்குதல் வேண்டும். எத்தனை வந்தன, எம்மரத்தில் அமர்ந்தன, எப்பொந்தில் நுழைந்தன என மாணவர் குறித்துவரட்டும். அக்குறிப்பைத் தோட்ட உரிமையாளரிடம் காட்டி, அப்பொந்து மரத்தை வெட்டாது விடுமாறு ஆசிரியரும் மாணவரும் கேட்கட்டும். ஒரு மரம் பிழைத்தாலும் அந்தக் கட்டுரை பயன் தந்ததாகும்.