போய்வருகிறேன் என்று சொல்வோம்

ஒருவர் வீட்டில் ஒரு வாய் காபி குடித்தால்கூட, "போய்வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவது நம் வழக்கம். ஆண்டுக்கணக்கில் சம்பளம் வாங்கிய இடத்தை விட்டு மட்டும் நம்மில் பலர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார்களே, இது சரிதானா?

மும்பையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பொங்கலுக்கோ, ஊர்க் கோயில் கொடைக்கோ பத்து நாள் லீவில் போகும் நம் இளைஞர்களில் ஓரிருவர் ஆண்டுதோறும் திரும்பி வருவதில்லை. விசாரித்தால், கொஞ்சம் கூடுதல் சம்பளத்தில் வேறு இடத்தில் சேர்ந்திருப்பார்கள். நல்ல சம்பளம் தேடிப் போவதில் தவறே இல்லை. போகும் விதத்தைத்தான் சொல்கிறேன்.

இதில் முதலில் அடிபடுகிறவர் முதலாளி அல்ல. அந்தப் பையனுக்காகச் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்த ஊர்க்காரர். "உன் ஆள் எங்கே?" என்று சூப்பர்வைசர் அவரைத்தான் கேட்பார். அடுத்த முறை அவர் இன்னொரு பையனை அழைத்து வந்தால், "மதராசிப் பையன் வேண்டாம், பாதியில் ஓடிவிடுவான்" என்ற பதில் வரும். ஒருவர் செய்ததற்குப் பலன் அனுபவிப்பவர், அன்றுதான் ரயிலை விட்டு இறங்கிய இன்னொருவர்.

போனவருக்கும் நஷ்டம் உண்டு. பணி விலகிய தேதி பிராவிடண்ட் ஃபண்ட் கணக்கில் ஏறாவிட்டால் பணத்தை எடுப்பதும் மாற்றுவதும் இழுபடும். அனுபவச் சான்றிதழ் கிடைக்காது. கிராஜுவிட்டியை எடுத்துக்கொள்வோம். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் முதல், நிரந்தரப் பணியாளர் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தால், ஆண்டொன்றுக்கு 15 நாள் சம்பளம் உண்டு. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இது தொடர்கிறது. கடைசிச் சம்பளம் 20,000 ரூபாய், ஆறு ஆண்டு சர்வீஸ் என்றால், கணக்கு ஏறத்தாழ 69,000 ரூபாய். நோட்டீஸ் காலத்தில் வேலை செய்யும் நாட்களும் சர்வீஸில் சேரும் என்பதைப் பலர் அறிவதில்லை.

"முதலாளி மட்டும் நம்மை ஒரே நாளில் வெளியே அனுப்பவில்லையா?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூன்று மாத நோட்டீஸ் கேட்டுப் பிடித்து வைக்கும் நிறுவனங்களை நான் ஆதரிக்கவில்லை. எந்த நீதிமன்றமும் ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்காது. ஒப்பந்தப்படி நோட்டீஸ் காலத்துக்கான பணத்தைக் கேட்கலாம், அவ்வளவுதான். விலகியவரின் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று புதிய ஊதியச் சட்டமும் சொல்கிறது. ஆனால் இந்த உரிமைகளைக் கேட்க, விலகினோம் என்பதற்கு நம் கையில் சாட்சி வேண்டுமே! தேதியிட்ட ஒரு கடிதமும், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துடன் அதன் நகலும்தான் அந்தச் சாட்சி.

நான் பார்த்தவரையில், ஓடிப்போனவர்கள் எல்லாரும் நன்றி கெட்டவர்கள் அல்லர். ஆங்கிலத்தில் நான்கு வரி எழுத வராது. இந்தியிலோ மராத்தியிலோ முதலாளி முன் நின்று பேசத் தயக்கம். அவர் கோபித்துக்கொண்டால் என்ன சொல்வது என்ற பயம். ஆகவே ஊருக்குப் போகிறேன் என்பதே எளிதான வழியாகிவிடுகிறது.

இங்கேதான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. அலுவலகங்களில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நம்மில் பலர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் சங்க நூலகத்தில் இருவர் உட்கார்ந்தால் போதும். ராஜினாமாக் கடிதம் எழுதித் தரலாம், பி.எஃப். கணக்கைப் பார்த்துச் சொல்லலாம். தேவைப்பட்டால் கூடவே போய்ப் பேசலாம். நான் வரத் தயார். சங்க நிர்வாகிகள் யோசிக்க வேண்டுகிறேன்.

பெற்றோர்களும் வேலைக்குப் போகும் பிள்ளைக்குச் சேரும் நாளிலேயே சொல்லி அனுப்புங்கள்: "என்றைக்கு விட்டாலும் எழுதிக் கொடுத்துவிட்டு வா."