கடிகாரத்தைத் திருப்பும் காதலர்கள்

பங்கு வாசகசாலையிலிருந்து காலப்பயணக் காதல் நாவல்களை அகற்றிவிட வேண்டும் என்ற கோரிக்கை அண்மையில் நம் முன் வைக்கப்பட்டது. கேட்டவர்கள் நல்ல மனத்தினர். பிள்ளைகளின் மேல் அக்கறை உள்ளவர்கள். முற்பிறவி, மறுபிறவி, ஆவி, மர்மம் என்று இந்நூல்கள் திருச்சபையின் போதனைக்கு மாறானவற்றை இளம் நெஞ்சங்களில் விதைக்கின்றன என்பது அவர்களது வாதம். நாம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. எனினும் அந்நூல்களோடு நமக்கும் ஒரு வழக்கு உண்டு. அது வேறொரு வழக்கு. இதைவிடக் கடுமையான வழக்கு.

மறுபிறவிக் குற்றச்சாட்டை முதலில் முடித்துவிடுவோம். அதை அளவுகோலாகக் கொண்டால் தமிழ்ப் புனைகதையில் பாதியை அலமாரியிலிருந்து இறக்க நேரிடும். கல்கியின் ‘சோலைமலை இளவரசி’யும் போய்விடும். நாடு விடுதலையடைந்த 1947ஆம் ஆண்டின் நாவல் அது. 1942 ஆகஸ்டு போராட்டத்தில் ஈடுபட்டுக் காவலருக்குத் தப்பியோடும் குமாரலிங்கம் என்னும் இளைஞன், சோலைமலையின் பாழடைந்த கோட்டையில் ஒளிகிறான். அங்கே நூறாண்டு பின்னோக்கிச் சரிந்து விழுகிறான்; ஆங்கிலேயரோடு பொருதித் தோற்று ஒளிந்திருக்கும் மாறனேந்தல் அரசகுமாரனாகத் தன்னையே காண்கிறான். பழங்காலத்தில் இளவரசி மாணிக்கவல்லி. நிகழ்காலத்தில் அவனுக்குச் சோறு கொண்டுவரும் பொன்னம்மாள். கண்டது கனவோ முற்பிறவி நினைவோ, வாசகருக்கு எளிதில் விளங்குவதில்லை. காதலும் மர்மமும் காலம் கடத்தலும் ஒருங்கே அமைந்த கதை தமிழுக்குப் புதிதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கல்கியின் நாயகன் கடந்த காலத்தைக் காண்கிறான், அதில் நடமாடுகிறான், அதனால் காயப்படுகிறான். அதைத் திருத்துவதில்லை. நூறாண்டுக்கு முன் நிகழ்ந்தது நிகழ்ந்ததாகவே நிற்கிறது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதையும் அவ்வாறே. கருமியான ஸ்குரூஜ் தன் இளமைக் காலத்திற்கு அழைத்துச் செல்லப்படுகிறான். தான் இழந்த காதலியைப் பார்க்கிறான். அங்குள்ளோர்க்கு அவன் குரல் கேட்பதில்லை. அழலாம், விலக்க இயலாது. மாற்றுவதற்கு அவனுக்கு விடப்பட்டிருப்பது மறுநாள் காலை மட்டுமே. எச். ஜி. வெல்ஸ் 1895இல் கால இயந்திரத்தைப் படைத்தபோதும் தன் பயணியை 8,02,701ஆம் ஆண்டுக்கு, எதிர்காலத்துக்குத்தான் பெரிதும் அனுப்பினார்; நேற்றைய பிழையைப் பழுதுபார்க்க அனுப்பவில்லை.

இன்றைய கதைகளின் போக்கு வேறு. ‘24’ என்ற திரைப்படத்தில் (2016) கைக்கடிகாரமே காலத்தைப் பின்னிழுக்கிறது. ‘மாநாடு’வில் (2021) ஒரே நாள் மீண்டும் மீண்டும் விடிகிறது. ‘மார்க் ஆண்டனி’யில் (2023) தொலைபேசி இறந்த காலத்தோடு பேசுகிறது. ஜெர்மானிய எழுத்தாளர் கெர்ஸ்டின் கீர் 2009இல் தொடங்கிய மூன்று பாக இளையோர் நாவலில் பள்ளி மாணவி ஒருத்தி நூற்றாண்டுகளைத் தாண்டிக் காதலும் மர்மமுமாய் அலைகிறாள். அதன் சாயலில் நம் பிள்ளைகள் கைப்பேசிச் செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் படித்துத் தள்ளுகிறார்கள். இவை யாவும் ஒரே தரத்தின என்று சொல்லமாட்டோம். கடந்ததைத் தொட்டால் விளையும் கேட்டைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன ‘இன்று நேற்று நாளை’ (2015) இவ்வரிசையில் நேர்மையான படம். ஆயினும் பெரும்பாலானவற்றின் உள்ளே ஓடும் வாக்குறுதி ஒன்றே: செய்த தவற்றைச் செய்யாததாக்கலாம்.

இது பொய். கதை என்றாலே பொய்தானே என்பீர்கள். பறக்கும் கம்பளமும் பொய்தான். ஆனால் கம்பளத்தில் பறந்து போனவனும் திரும்பி வந்து தன் தந்தையின் முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். பொருளைப் பற்றிய பொய் பிள்ளைகளைக் கெடுப்பதில்லை. மனிதச் செயலைப் பற்றிய பொய் கெடுக்கும்.

குருமடத்தில் நாம் படித்த ஒரு பழைய விவாதம் இங்கே உதவுகிறது. எல்லாம் வல்லவராயினும் கடவுள் இழந்த கன்னிமையை மீட்டுத் தர இயலாது என்ற பொருளில் தூய ஜெரோம் ஒரு மடலில் எழுதிவைத்தார். பதினோராம் நூற்றாண்டில் மோந்தே கசீனோ மடத்தில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. மடாதிபதி தெசிதேரியுஸ் ஜெரோம் பக்கம் நின்றார், பீட்டர் தமியான் கடவுளின் வல்லமைக்கு எல்லை கட்டுவதா என்று எதிர்த்து நீண்டதொரு மடலே வரைந்தார். (துறவிகளின் உரையாடல்கள் அக்காலத்தில் எத்துணை ஆழமாக இருந்தன! நம் மறைமாவட்டக் கூட்டங்களில் மதிய உணவின்போது பேசப்படுவதை இங்கே எழுதாதிருப்பது நலம்.) இரு நூற்றாண்டுக்குப் பின் தோமா அக்குவினா முடிவுரை சொன்னார்: நிகழ்ந்தது நிகழாதிருந்ததாக ஆவது தன்னோடு தானே முரண்படுவது, முரண்பாடு வல்லமையின் எல்லைக்குள் வருவதே இல்லை. கடவுளாலும் செய்ய இயலாததை ஒரு கைக்கடிகாரம் செய்கிறது என்றால் நாம் வியப்பதா, நகைப்பதா?

சரி, கடவுள் பின் என்னதான் செய்கிறார்? யோவான் நற்செய்தியை எடுத்துப் பாருங்கள். பேதுரு மறுதலித்த இரவில் முற்றத்தில் கரிநெருப்பு எரிகிறது. உயிர்த்த இயேசு ஏரிக்கரையில் அவருக்குக் காலை உணவு தரும்போதும் கரிநெருப்பு எரிகிறது. மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை கேட்கப்படுகிறது. பேதுரு அந்த இரவுக்குத் திருப்பி அனுப்பப்படவில்லை. அதே புகை நெடியில், அதே எண்ணிக்கையில், பழைய இரவு அவர் கண்முன் கொணரப்பட்டு அதன்மேல் வேறொன்று கட்டப்படுகிறது. உயிர்த்த உடலிலும் ஆணிக் காயங்கள் அப்படியே இருந்தன. தோமா விரலிட்டுப் பார்க்க அழைக்கப்பட்டது அந்தக் காயங்களில்தான்.

தமிழ் இலக்கணமும் இதை அறியும். ‘இறத்தல்’ என்பதற்குக் கடத்தல் என்பதே பழம்பொருள். இறந்த காலம் என்றால் கடந்து சென்ற காலம். தொல்காப்பியம் காலம் மயங்கிவரப் பல இடம் தருகிறது. இன்னும் கிளம்பாதவனே விரைவு தோன்ற ‘வந்துவிட்டேன்’ எனலாம். ஆனால் வந்தவன் வராதவனாக இலக்கணத்தில் இடமில்லை.

இத்தனை வாதமும் ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றினால், எம்மோடு காரைக்கால் கடற்கரைக்கு வாருங்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு முதலான ஊர்களில் கடல் ஏறிவந்த அந்தக் காலையில் இந்தச் சிறு வட்டாரத்தில் மட்டும் 450க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று சிறுவர் சிறுமியராக இருந்தோர்க்கு இன்று இருபதும் முப்பதும் வயது. கைப்பிடியை விட்டவர்கள், முதலில் ஓடியவர்கள், தம்பியைக் கரையில் விளையாட அனுப்பியவர்கள் அவர்களிடையே உண்டு. அவர்கள் குற்றவாளிகள் அல்லர். எனினும் அந்தக் காலைக்கு ஒருமுறை திரும்பிச் செல்ல முடிந்தால் என்ற ஏக்கத்தை விடமுடியாதவர்கள். அவர்களிடம் திரும்பிச் செல்லலாம் என்று பாடும் கதையைக் கொடுப்பது புண்ணில் உப்பு வைப்பதாகும். அவர்களுள் சிலர் பிற்பாடு பிறர் குழந்தைகளுக்கு நீச்சல் கற்பித்தார்கள். சிலர் ஆண்டுதோறும் அந்நாளில் கடலில் பூவும் பாலும் விடுகிறார்கள். அவர்கள் எவரும் நாவலில் வருவதில்லை.

வேறொரு அச்சமும் எமக்குண்டு. தேர்வில் தவறியோ, காதலில் ஏமாந்தோ, பெற்றோர் முகத்தில் விழிக்க அஞ்சியோ நிற்கும் பிள்ளைக்கு, அழிக்க முடிந்தால்தான் தவறு தீரும் என்று கற்பித்துவிட்டால், அழிக்க இயலாத நாளில் அது எதை அழிக்க எண்ணும்? மன்னிப்பு என்பது அழிப்பான் அன்று என்று யாராவது அதற்குச் சொல்லியிருக்க வேண்டும்.

காதலைப் பற்றியும் ஒரு சொல். மறுவாய்ப்பு பெற்ற நாயகன் நாயகியின் விருப்பு வெறுப்புகளை முதற்சுற்றிலேயே மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாம் சுற்றில் வெல்கிறான். அவளுக்கோ அது முதல் சந்திப்பு. விடைத்தாளை முன்னரே பார்த்தவன் எழுதும் தேர்வைக் காதல் என்பது எங்ஙனம்? திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் இளையோரிடம் நாம் காண்பது இதன் எதிர்நிலை. நாளை என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியாது. தெரியாமலேதான் சம்மதம் சொல்கிறார்கள்.

இன்னொன்று. இக்கதைகளின் நாயகியர் காலத்தில் எங்கு விழுந்தாலும் அரண்மனைத் தோட்டத்திலேயே விழுகின்றனர்! பட்டு, குதிரை, நிலவு. பிரெஞ்சுக் காலம் என்றால் இளம் அதிகாரியும் நடன விருந்தும். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியை அறிந்த ஊர் இது. ஆதலால் எமக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்காக ரெயூனியனுக்கும் மர்த்தினீக்குக்கும் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரை ஏற்றிச் சென்ற துறைகளுள் காரைக்காலும் ஒன்று. ஆங்கிலேய ஆட்சிப் பகுதியினின்றும் ஆள் சேர்க்க 1861இல் இரு அரசுகளும் உடன்படிக்கையே செய்துகொண்டன. பெயர் எழுதும் மேசை, கைந்நாட்டு, ஏறியபின் சிறுகும் கரை. அங்கே ஒரு பதினேழு வயதுப் பெண் விழட்டும். கப்பலில் ஏறப்போகும் ஒருவனை அவள் நேசிக்கட்டும். அவன் பெயர் எந்தப் பேரேட்டில் எப்படித் திரிந்து எழுதப்பட்டது என்ற மர்மத்தை அவள் துலக்கட்டும். கப்பலை மட்டும் நிறுத்த வேண்டா, அது போகும். திரும்பி வந்தபின் அவள் என்ன செய்கிறாள் என்பதை எழுதுங்கள். அப்படியொரு நாவலை நம் இளையோருள் எவரேனும் எழுதினால், வாசகசாலைக்கு இரண்டு படிகள் வாங்கிவைக்கச் சித்தமாக இருக்கிறோம். ஒன்று கட்டாயம் திரும்பி வராது.